தடைக்குப் பிறகு விலைக்கு வந்தவை

பரமக்குடிப் பக்கம் பனங்கிழங்கை நாம் அவித்துத் தின்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் அதே கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவில் பிட்டும் கூழும் ஆகின்றன. பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி, காய்ந்ததன் மேல் மறுபடி ஊற்றி, நாள்கணக்கில் வெயிலில் வைத்து உரித்தெடுப்பது பனாட்டு. கிழிப்பது, இடிப்பது, பிசைவது, மழை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது என இதில் பெரும்பகுதி பெண்களின் வேலை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் இலங்கை அரசு வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதித்தது. பெட்ரோல், டீசல், பேட்டரி, சிமெண்ட், உரம், சோப்பு என்று பட்டியல் நீண்டது. மின்சாரமும் இல்லை. அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசும்போது சில கதைகள் தவறாமல் வரும். மண்ணெண்ணெயில் ஓடிய கார், சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட ரேடியோ, ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கு. தமிழனின் புத்திக்கூர்மை என்று இவற்றைப் பெருமையோடு சொல்வார்கள்.

சோப்பு இல்லாத வீட்டில் துணி எப்படி வெளுத்தது என்ற கேள்வி அந்தப் பெருமைக்குள் அதிகம் வருவதில்லை. பனம்பழத்தைப் பிசைந்து அந்தச் சாற்றில் துவைத்தார்கள். காய்கிற துணியில் பழவாசம் இருப்பதால் மாடு வந்து மென்றுவிடும் என்பது வேடிக்கையாகச் சொல்லப்படும். வேடிக்கைக்குப் பின்னால் கேட்க வேண்டியவை உண்டு. கைக்குழந்தையின் துணியை, நோயாளியின் விரிப்பை, தன் மாதவிலக்குத் துணியை அவள் எதில் அலசினாள்? எத்தனை வாளி தண்ணீர் இறைத்தாள்? தடைப்பட்டியல் அரசின் ஆவணமாகிவிட்டது. அந்தப் பட்டியலை ஒவ்வொரு நாளும் ஈடுகட்டிய உழைப்புக்கு ஆவணம் இல்லை.

2002 ஜனவரியில் தடை பெருமளவு நீங்கியது. பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு. ஏப்ரலில் கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. தெற்கிலிருந்து சிங்கள மக்கள் பேருந்து பேருந்தாக வந்தார்கள். நயினாதீவு விகாரையை வணங்கிவிட்டுத் திரும்பும்போது பனங்கட்டி, புழுக்கொடியல், ஓலைப்பெட்டி என்று வாங்கிப் போனார்கள். பலருக்கு இவையெல்லாம் புதுப்பொருள்கள். ஒரே நாட்டின் ஒரு பாதி, மறுபாதியின் அடுப்படியை அப்போதுதான் பார்த்தது.

பஞ்சத்தில் வயிறு காத்த பண்டம் இப்படி ‘யாழ்ப்பாண விசேஷம்’ ஆனது. பண்டத்துக்கு ஊரின் பெயர் கிடைத்தது. செய்தவளுக்குப் பெயர் கிடைக்கவில்லை. 1978 முதலே இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை என்ற அரசு அமைப்பு இருக்கிறது. என்றாலும் இந்த அறிவு தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறித்தான் போரையும் இடப்பெயர்வையும் தாண்டி வந்தது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, பலர் கையில் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். கை அறிந்த வேலை கூடவே போனது.

இதை அங்குள்ளவர்களின் கதை என்று நாம் ஒதுக்க முடியாது. சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடுகளிலும் மரம் ஏறுபவரைப் பனையேறி என்கிறோம். கீழே புகையில் உட்கார்ந்து பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுபவளை அவர் மனைவி என்கிறோம். சாதி அந்த ஆணின் உழைப்பை இழிவென்று சொல்லிற்று. வீடு அந்தப் பெண்ணின் உழைப்பை உழைப்பென்றே சொல்லவில்லை.

போரின் வரலாற்றைத் தேதிகளால் எழுதிவிட்டோம். வரலாறு படிக்கும் மாணவிகள் இனி பனாட்டுப் பாயையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை படலம் ஊற்றினாள், யாருக்குக் கொடுத்தாள், தனக்கு எவ்வளவு வைத்துக்கொண்டாள் என்று கேட்க வேண்டும். சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.