படிவச் சரிபார்ப்புப் பிழைதிருத்தம் (தனிநபர் நிதி மென்பொருள்)

திறமூலத் தனிநபர் நிதி மென்பொருள்களில் தொகை, தேதி, கணக்கு ஆகிய புலங்களில் பயனர் நிரப்புவதைச் சேமிக்கும் முன் சோதிக்கும் நிரல்பகுதி, தவறானதை ஏற்கும்போதோ சரியானதை மறுக்கும்போதோ அக்குறையைக் கண்டறிந்து சீராக்கும் பணி படிவச் சரிபார்ப்புப் பிழைதிருத்தம் எனப்படும். 1998இல் முதல் நிலைப்பதிப்பு வெளிவந்த குனுகேஷ், உலாவியில் இயங்கும் ஃபயர்ஃபிளை த்ரீ ஆகியவை இவ்வகை மென்பொருள்கள். இரண்டும், பற்றும் வரவும் ஈடாக அமைய வேண்டும் என்னும் இரட்டைப் பதிவு முறையைப் பின்பற்றுவன.

பிழைகளுள் மிகக் கொடியது பிழைச்செய்தி எதுவும் தராமல் கடந்துசெல்வதாகும். 1.234 என்பது ஜெர்மானிய வழக்கில் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கைக் குறிக்க, ஆங்கில வழக்கில் ஒன்றேகாலுக்கும் குறைவான தொகையாகிவிடுகிறது. ஆகவே, பயனரின் வட்டார அமைப்பை அறிந்தே எண்ணைப் பகுக்க வேண்டும். மூவிலக்கப் பிரிப்பை மட்டும் எதிர்பார்க்கும் விதி, 1,00,000 என்னும் இந்திய வழக்கை மறுத்துவிடும்.

இரும மிதவைப்புள்ளிக் கணக்கில் 0.1, 0.2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 0.30000000000000004 என வருவதால், ஈடான பதிவும் ஈடற்றதெனத் தள்ளப்படக்கூடும். இதைத் தவிர்க்கவே குனுகேஷ் தொகைகளைத் தொகுதி, பகுதி என்னும் இரு முழு எண்களாகச் சேமிக்கிறது.

திருத்துவோர், பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் சோதனையை முதலில் எழுதி, பின்னரே நிரலை மாற்றுவது நன்முறை. உலாவியில் செய்யும் சோதனையைத் தாண்டிச் செல்ல இயலுமாதலால், அதே விதி வழங்கியிலும் இடம்பெற வேண்டும்.