நடுவர் இல்லாத திரை: தமிழ்க் காவல் படங்கள் குறித்த இருவேறு கருத்துகள்

சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலுக்குப் பின் 2020 ஜூன் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து உயிரிழந்தபோது, இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அதில் சொல்லியிருந்தார். ‘சாமி’, ‘சிங்கம்’ வரிசைகளைக் கொண்டாடிய தலைமுறை இரண்டாகப் பிரிந்தது. படத்துக்கும் லாக்கப் சாவுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு சாரார் கேட்டனர். இந்த ஒப்புதல் மிகத் தாமதம் என்றனர் மற்றொரு சாரார். இந்த விவாதம் இன்னும் தீரவில்லை. இரு தரப்பும் கதாநாயகனின் குணத்தைப் பற்றியே பேசுவதுதான் அதற்குக் காரணம் என்பது என் வாதம். அவன் நல்லவனா, முரடனா என்பது இரண்டாம் கேள்வி. கைதுக்கும் தண்டனைக்கும் நடுவில் நீதித்துறை நடுவர் ஒருவர் அந்தக் கதையில் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி.

ரசிகர் தரப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2003இல் மூன்று மாத இடைவெளியில் ‘சாமி’யும் ‘காக்க காக்க’வும் வந்தன. சாட்சிகள் பயந்து பின்வாங்கும், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும், செல்வாக்குள்ளவன் ஜாமீனில் வெளியே வருவான் என்ற அனுபவம் மக்களுக்கு மெய்யாகவே உண்டு. ‘சாமி’யின் வில்லன் பெருமாள் பிச்சையை எந்த நீதிமன்றமும் தொட முடியாது என்று பார்வையாளர் நம்பியதற்கு அந்த அனுபவமே அடித்தளம். ஆனால் படம் அந்த நம்பிக்கையை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? நாயகனான போலீஸ் அதிகாரி ஆறுச்சாமி அவனைக் கொன்றுவிட்டு, அவன் தலைமறைவாகிவிட்டான் என்று ஊரை நம்பவைக்கிறான். எஃப்.ஐ.ஆர். இல்லை, போஸ்ட்மார்ட்டம் இல்லை, விசாரணை இல்லை. ‘காக்க காக்க’வில் மனித உரிமை ஆணையம் வருகிறது, ஆனால் நேர்மையான அதிகாரிகளின் காலைக் கட்டும் முட்டுக்கட்டையாகவே வருகிறது. நீதி அமைப்பின் தாமதத்தைக் குறை சொல்லத் தொடங்கிய கதை, அந்த அமைப்பே தேவையில்லை என்ற இடத்தில் போய் முடிகிறது.

பார்வையாளர் இதைக் கற்பனை என்று அறிந்தே ரசிக்கிறார் என்பார்கள். பெரும்பாலும் அது சரியே. ஆனால் 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே கொலை வழக்கில் கைதாகியிருந்த நான்கு பேர் சுட்டுக்கொல்லப்பட்ட இடத்தில் போலீசார் மீது பூத்தூவியவர்கள் திரையரங்கில் இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அவர்கள் கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டார்கள் என்ற முடிவுக்கு 2022இல் வந்தது. சினிமா அந்தப் பூக்களைக் கொடுத்து அனுப்பியது என்று நான் சொல்லவில்லை. எந்தத் தருணத்தில் கைதட்ட வேண்டும் என்பதைச் சினிமா நெடுங்காலமாகப் பழக்கியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஹாங்காங்கின் கேன்டனீஸ் படமான ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ (2002) இங்கே ஒப்புநோக்கத் தக்கது. மூல வடிவில், போலீசுக்குள் ஊடுருவிய குற்றக்கும்பல் ஆள் அகப்படாமல் தப்புகிறான், மன உளைச்சலோடு வாழ்கிறான். சீனப் பெருநிலத்துக்கான வடிவில் அவன் கைதாகிறான். சட்டம் தோற்பதைத் திரையில் காட்டலாமா என்பதே அங்கே பிரச்சினை. நம்மிடம் சட்டம் தோற்பது மட்டுமல்ல, அதன் தோல்வி வெற்றிவிழாவாகவும் காட்டப்படுகிறது. அரசு ஆணைப்படி முடிவை மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் அந்த இரு முடிவுகள் எழுப்பிய கேள்வி நம் விமர்சனத்தில் அரிதாகவே ஒலித்திருக்கிறது.

நடுவர் இருக்கிறாரா என்ற முதல் கேள்வியைப் புதுக்கோட்டை மாவட்டக் கட்டுமாவடியிலிருந்து கேட்டால் அதன் கனம் வேறு. பாக் நீரிணைக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மீனவ ஊர் அது. தெற்கே ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துச் செல்லும் இப்பகுதி மீனவர்கள் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, விளக்கமறியலில் யாழ்ப்பாணச் சிறைக்குப் போவதுண்டு. அடுத்த வாய்தா எப்போது, படகு திரும்புமா என்று வீட்டார் நாள் எண்ணுகிறார்கள். நீதிபதி முன் நிற்பது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சென்னைத் திரைக்கதை அறைகளைவிட இந்தக் கரை நன்றாக அறியும். துப்பாக்கியோடு வருபவனே தீர்ப்பும் சொல்லலாம் என்றால், முதலில் பலியாகக்கூடியவர்கள் நடுக்கடலில் நிற்பவர்களே.

நடுவரைத் திரைக்குள் கொண்டுவந்த படங்களும் நம்மிடம் உண்டு. மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’யில், குண்டூரில் வதைபட்ட தமிழ்த் தொழிலாளர்களை விடுவிப்பது ஒரு நீதிமன்ற அறை. அவர்கள் பேச்சைத் தெலுங்கில் எடுத்துச்சொல்ல ஓர் ஆள் கிடைத்ததும் கதை திரும்புகிறது. பின்பாதியில் நீதிமன்றம் இல்லை, அவர்கள் உயிரோடும் இல்லை. இரண்டு பாதிகளையும் அருகருகே வைத்ததே அப்படத்தின் வாதம். த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ (2021) முழுக்க ஆட்கொணர்வு மனுவின் மேல் நிற்கிறது. அவரே எடுத்த ‘வேட்டையன்’ (2024) என்கவுன்டரைக் கண்டித்துக்கொண்டே, அந்த வேட்டைக்காரனை ஆரவாரத்தோடு அறிமுகமும் செய்தது. அந்த முரண்பாட்டை நட்சத்திரச் சந்தையின் நிர்ப்பந்தம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

நடுவர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அல்ல. காயங்களோடு இருந்த தந்தையும் மகனும் எப்படி ரிமாண்ட் ஆனார்கள் என்ற கேள்வி சாத்தான்குளத்தில் எழுந்தது. பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவில் நிலையத்துக்குப் போன இன்னொரு நடுவர்தான், கேமரா பதிவுகள் அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைப் பதிவு செய்தார். ஒரு பெண் தலைமைக் காவலரின் சாட்சியமும் அவரிடமே வெளிப்பட்டது. ஒரே வழக்கில் அந்த நாற்காலி தவறவும் செய்தது, காப்பாற்றவும் செய்தது. இதைவிடப் பெரிய நாடகம் எந்தச் சண்டைக் காட்சியிலும் இல்லை.

ஹரியின் வருத்தத்தை நேர்மையானதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அது பெருமைப்படுத்தியதற்கான வருத்தமாக நின்றுவிட்டது. இனிக் காவல் படம் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கைதான ஒருவனை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. அந்த 24 மணி நேரத்தைக் கதையிலிருந்து வெட்டாதீர்கள்.