குரோம் தோலின் விலை

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் புதிய நுட்பத்தின் பலனை ஒருவர் பெற, விலையை வேறொருவர் கொடுத்தார். ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோலைக் குரோமிய உப்பு ஓரிரு நாளில் பதனிட்டது. 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியதும் குரோம் முறை வேகமாகப் பரவியது. பட்டைக் கழிவும் மாசுதானே, குரோம் இல்லாமல் காலணி ஏற்றுமதியும் வேலைவாய்ப்பும் ஏது என்பார்கள். இரண்டும் உண்மை, ஆனால் வரவு ஆலைக்கும் செலவு பாலாற்றங்கரைக் கிணறுகளுக்கும் போயின. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. சுத்திகரிப்புச் செலவைச் சேர்க்காத எந்தக் கணக்கிலும் குரோம் தோல் மலிவு என்பது பொய்க்கணக்கே.