வெறும் வயிற்றில் வாங்க: ஒரு கட்டளையின் வரலாறு

"காலையில வெறும் வயித்துல வந்துருங்க." ரத்தப் பரிசோதனை என்றாலே நம் ஊரில் இந்த ஒரு வரிதான். கொலஸ்ட்ராலா, சர்க்கரையா, ரத்த அணுக்களா என்ற பேதமெல்லாம் கிடையாது. இந்தக் கட்டளை எங்கிருந்து வந்தது, இன்னும் செல்லுமா என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக் கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை, கணினிக்காரன். ஆனால் இந்தக் கதையின் நடுவில் ஒரு சின்ன சூத்திரம் இருக்கிறது. என்னை இழுத்தது அதுதான்.

எங்கள் ஊர் மீனாட்சிபுரம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் எல்லையில் இருப்பதால் பாதி காரியங்களுக்குப் பொள்ளாச்சி, மீதிக்குப் பாலக்காடு. பெரிய பரிசோதனை என்றால் பஸ் ஏற வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அம்மா ராத்திரி எட்டு மணியோடு சாப்பாட்டை நிறுத்தி, விடிகாலையில் கிளம்பி, வரிசையில் உட்கார்ந்து, பதினொரு மணிக்குத்தான் ஒரு வாய் இட்லி சாப்பிடுகிறார். கனடாவில் இருந்துகொண்டு போனில் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, கொஞ்சம் தலை சுத்துச்சு" என்கிறார். எனக்கு அந்தத் தலைசுற்றல்தான் விஷயம்.

முதலில் கொலஸ்ட்ரால். 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைத் தின்னக் கொடுத்து, ரத்தக்குழாயில் கொழுப்பு படிவதைக் காட்டினார். 1950 வாக்கில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் கோஃப்மன், மிக வேகமாகச் சுழலும் இயந்திரத்தால் ரத்தக் கொழுப்பை வகை வகையாகப் பிரித்தார். 1967இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஃப்ரெட்ரிக்சன், லெவி, லீஸ் மூவரும் பரம்பரைக் கொழுப்பு நோய்களை வகைப்படுத்தினார்கள். சாப்பிட்ட கொழுப்பு ரத்தத்தில் மிதந்தால் எந்த வகை என்று குழம்பிவிடும். அதனால் பட்டினி இருந்து எடுத்த ரத்தம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அடுத்ததாக அந்தச் சூத்திரம். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லை நேரடியாக அளக்க அன்று அந்தச் சுழல் இயந்திரம் வேண்டியிருந்தது. எல்லா லேபிலும் அதற்கு எங்கே போவது? 1972இல் ஃப்ரீட்வால்ட், லெவி, ஃப்ரெட்ரிக்சன் ஒரு குறுக்குவழி சொன்னார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து ஹெச்டிஎல்லைக் கழி, ட்ரைகிளிசரைடை 5ஆல் வகுத்து அதையும் கழி. மிச்சம் எல்டிஎல். அவ்வளவுதான்! மொத்தம் 200, ஹெச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 150 என்றால் எல்டிஎல் 130.

சிக்கல் அந்த 5இல் இருக்கிறது. அது பட்டினி வயிற்றுக்கான கணக்கு. சாப்பிட்ட பிறகு ட்ரைகிளிசரைடு ஏறும், அதில் கொலஸ்ட்ரால் அந்த விகிதத்தில் இருக்காது. கழிப்பது கூடிப்போய், எல்டிஎல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் சூத்திரமே செல்லாது. ஆக, நம் வீட்டுப் பெரியவர்களின் பட்டினிக்குப் பின்னால் இந்த வகுத்தல் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு :-)

சரி, சாப்பிட்டால் எவ்வளவுதான் மாறும்? 2008இல் டென்மார்க்கில் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 33,391 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான சாப்பாட்டுக்குப் பிறகு ட்ரைகிளிசரைடு அதிகபட்சம் 26 மி.கி. ஏறியது. மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்டிஎல்லும் 8 மி.கி. இறங்கின. 2012இல் கனடாவின் கால்கரியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளைப் பார்த்தபோது, எத்தனை மணி நேரம் பட்டினி என்பதைப் பொறுத்து மொத்தக் கொலஸ்ட்ராலும் ஹெச்டிஎல்லும் 2 சதவீதத்துக்குள்தான் மாறின. எல்டிஎல் 10, ட்ரைகிளிசரைடு 20 சதவீதம் வரை.

டென்மார்க் 2009லேயே பட்டினி வேண்டாம் என்றது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இலும், ஐரோப்பிய நிபுணர் குழுவும் கனடாவும் 2016இலும் அதே வழிக்கு வந்தன. 2018இல் அமெரிக்காவும், சிகிச்சை தொடங்காத பெரியவர்களுக்கு முதல் பரிசோதனையை எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றது. ட்ரைகிளிசரைடு 400 அல்லது அதற்கு மேல் வந்தால் மட்டும் பட்டினியில் திரும்ப எடுக்க வேண்டும்.

ரத்த அணுக்களின் கதை வேறு. 1852இல் ஜெர்மனியின் ஃபியரோர்ட் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணினார். 1953இல் அமெரிக்காவின் வாலஸ் கோல்டர் தானாக எண்ணும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஹீமோகுளோபினுக்கோ அணுக்களின் எண்ணிக்கைக்கோ பட்டினி தேவையில்லை. சாப்பாட்டுக்குப் பின் வெள்ளை அணுக்கள் கொஞ்சம் ஏறி இறங்கலாம், அவ்வளவே. ஒரே ஒரு விதிவிலக்கு: ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாகி நீர்ப்பகுதி பால்போலக் கலங்கினால், ஒளியை வைத்து அளக்கும் ஹீமோகுளோபின் பொய்யாகக் கூடித் தெரியும்.

அப்படியானால் நம் ஊரில் ஏன் இன்னும் பட்டினி? காரணம் சர்க்கரை. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகக் கட்டிவிட்டதால், ஒன்றின் விதி எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வில் (2014) 72 சதவீதம் பேருக்கு நல்ல கொலஸ்ட்ரால் குறைவு, சுமார் 30 சதவீதம் பேருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம். சாப்பாட்டால் அதிகம் மாறுவது இந்த ட்ரைகிளிசரைடுதான். ஆகவே நம்மவர்களில் சிலருக்குப் பட்டினிப் பரிசோதனை நிஜமாகவே தேவைப்படும்.

ஆனால் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினியாக லேபுக்குப் போவது ஆபத்து. வழியிலேயே சர்க்கரை இறங்கிவிடலாம். மிச்சிகனில் அல்தசூகி என்ற மருத்துவர் இதற்கென்றே பெயர் வைத்து எழுதி வருகிறார்.

எனவே ஊருக்குப் போன் செய்யும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். டாக்டர் எழுதிய பரிசோதனைகளில் எதற்குப் பட்டினி வேண்டும்? அன்று காலை மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டாச்சா? முதல் ஆளாக ரத்தம் எடுத்துவிடுவார்களா? பையில் சாப்பிட ஏதாவது இருக்கிறதா? வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். பால் காபிதான் கூடாது.

பி.கு.: இங்கே கனடாவில் முடிவுகள் மில்லிமோலில் வரும், ஊரில் மி.கி. கணக்கு. ஒப்பிட வேண்டுமானால் கொலஸ்ட்ராலை 38.67ஆலும் ட்ரைகிளிசரைடை 88.5ஆலும் பெருக்குங்கள். இங்கே 5.2 என்றால் அங்கே சுமார் 200.