நெய் போயிற்று, மோர் தங்கியது: கெய்ரா மாவட்டத்து எருமை வளர்ப்பும் சிறார் போசாக்கும்

குஜராத்தின் கெய்ரா மாவட்டத்தில் எருமை வளர்ப்பு நெடுங்காலமாக உழவின் பக்கத்தொழிலாகவே இருந்துவந்தது. மனையின் புறத்தே கட்டப்பட்ட ஓரிரு எருமைகளுக்குத் தீனியிட்டவரும் பால் கறந்தவரும் பெரும்பாலும் பெண்களே. பால் விரைவிற் கெடும் இயல்பினது. தொலைவிலுள்ள நகருக்கு அதனை அனுப்பும் வசதி தோன்றுமுன்னர், அது தயிராக்கிக் கடையப்பட்டு நெய்யாகவே சந்தைக்குச் சென்றது. நெய் வணிகரிடம் போயிற்று. மோர் மனையில் தங்கியது. விற்கவியலாத அம்மோரை எருமையில்லாத அயலார்க்கு விலையின்றி ஈவதும் வழக்காயிருந்தது. கொழுப்போடு விற்றமின் ஏயும் நெய்யாக வெளியேறியமையால், அக்காலத்தைப் பொற்காலமெனப் போற்றுவார் கூற்று ஏற்புடையதன்று. ஆயினும் பாலின் புரதமும் கல்சியமும் மோரில் எஞ்சின. சிறார் அவற்றைப் பெற்றனர்.

1945இல் தொடங்கிய பம்பாய்ப் பால் திட்டம் இந்நிலையை மாற்றிற்று. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அந்நகருக்கு ஆனந்திலிருந்து பாலை அனுப்பும் உரிமை பொல்சன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. விலை நிர்ணயத்தில் தரகர் கையோங்கவே, 1946 ஜனவரியில் சமர்க்காவிற் கூடிய கமக்காரர் பால் கொடுக்க மறுத்துப் போராடினர். அவ்வாண்டு டிசெம்பரில் திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையிற் கூட்டுறவு ஒன்றியம் பதிவு பெற்றது. தரகர் பிடியினின்று உற்பத்தியாளர் விடுபட்ட இந்நிகழ்ச்சியின் பெருமையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. எனினும் மனையினின்று வெளியேறியது இப்போது நெய்யன்று, முழுப்பால். அது போனபின் கடைவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை.

1955இல் ஆனந்திற் பாற்பொடித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதற்குரிய இயந்திரங்களை யுனிசெவ் வழங்கியது. கைம்மாறாக மாவட்டத்து வறிய சிறார்க்குப் பால் அளிக்க ஒன்றியம் உடன்பட்டது. ஊர் மனைகளிற் கறந்து வாங்கிய பாலின் ஒரு பகுதியை அவ்வூர்ப் பிள்ளைகளுக்கே உதவியாகத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தமை சிந்தனைக்குரியது.

1970 முதல் 1996 வரை நடைபெற்ற வெண்மைப் பெருக்குத் திட்டம் ஆனந்தின் முறையை நாடெங்கும் பரப்பியது. கிராமத்துப் பால் நகருக்கு ஈர்க்கப்படுகிறதென 1983இல் குளோட் அல்வாரஸ் கடுமையாகச் சாடினார். பாலை விற்ற பணத்தில் ஏழை மலிவான தானியத்தையும் பருப்பையும் கூடுதலாக வாங்கலாம் என்பது திட்டத்தை ஆதரித்தோர் வாதம். கலோரிக் கணக்கில் இது சரியே. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் இரைப்பை சிறிது. தானியக் கஞ்சியை எவ்வளவுதான் ஊட்டினும் அதன் தேவை நிறைவதில்லை. தாய்ப்பாலுக்கு மேலதிகமாகச் சிறிதளவேனும் விலங்குணவு வேண்டும். மேலும், எருமையைப் பேணியவள் பெண்ணாயினும் சங்க உறுப்புரிமை பெரும்பாலும் ஆணின் பெயரிலேயே இருந்தது. பணம் கஞ்சிப் பானையை வந்தடையும் என்பதற்கு உத்தரவாதம் எங்கே?

1998இல் இந்தியா உலகின் முதலாவது பாலுற்பத்தி நாடாயிற்று. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமற்றோர் குஜராத்தில் 39 சதவீதம். நாடு முழுவதற்கும் 35.5 சதவீதமே. இப்பழியைக் கூட்டுறவின்மீது சுமத்துதல் நேர்மையன்று. தாயரின் உடல்நலம், குடிநீர், கழிப்பிட வசதி ஆகியனவும் இதிற் பங்குடையன. எருமையே இல்லாத நிலமற்ற கூலியாளரும் மலைப்புறப் பழங்குடியினரும் சங்கத்துக்கு வெளியே நின்றவர்கள். பாற்பணத்தில் அவர்க்குப் பங்கில்லை. அயல்மனை மோரும் இப்போது இல்லை.