கிராங்க்கேஸ் வாயுக் கசிவு

கிராங்க்கேஸ் வாயுக் கசிவு (புளோ-பை) என்பது எஞ்சினின் எரி அறையில் உண்டாகும் உயரழுத்த வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க்கேஸுக்குள் இறங்குவதாகும். பட்டறைகளில் இதை ‘பேக் கம்ப்ரெஷன்’ என்பார்கள். புது எஞ்சினிலும் ஓரளவு கசிவு உண்டு. அந்த அளவு கூடினாலோ, கசிந்த வாயு வெளியேறும் வழி அடைபட்டாலோ, ஆயில் ஊற்றும் வாயில் புகையும், ஏர் ஃபில்டரில் ஆயிலும், சீல்களில் ஒழுகலும் தோன்றும். இரு காரணங்களுக்கும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றே. முதலாவதைச் சரிசெய்ய எஞ்சினைப் பிரிக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒரு சிறு வால்வையோ குழாயையோ மாற்றினால் போதும். பழைய கார்களில் இவ்விரண்டையும் பிரித்தறிவதே பழுதறிதலின் முதல் வேலை.

தோன்றும் விதம்

பெரும்பாலான பிஸ்டன்களில் மூன்று ரிங்குகள் இருக்கும். மேல் இரண்டும் அழுத்தத்தைக் காக்கின்றன. கடைசி ரிங் சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலை வழித்துச் சம்ப்புக்கு அனுப்புகிறது. ரிங் தேய்ந்தாலோ, கரி படிந்து பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டாலோ, சிலிண்டர் துளை வட்டம் கெட்டாலோ கசிவு கூடும். கசியும் வாயுவில் எரியாத எரிபொருளும், எரிந்த புகையும், நீராவியும் கலந்திருக்கும். அது மேலேறும்போது ஆயில் துளிகளையும் அள்ளிச் செல்லும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு கிலோ நீர் உண்டாகிறது. அதில் சிறு பங்கு கிராங்க்கேஸுக்கும் வரும். எஞ்சின் நன்றாகச் சூடேறாத குறுந்தொலைவு ஓட்டத்தில் அது ஆயிலோடு கலந்து, ஆயில் மூடியின் அடியில் வெளிர்மஞ்சள் பசையாகப் படியும். கூலன்ட் குறையாமல் இருந்தால், இந்தப் பசையை மட்டும் வைத்து ஹெட் கேஸ்கெட் போய்விட்டதாக முடிவு செய்ய முடியாது.

காற்றோட்ட அமைப்பு

பழைய எஞ்சின்களில் வாயு வெளியேற, வண்டியின் அடியில் திறக்கும் ஒரு பிரீதர் குழாய் மட்டுமே இருந்தது. வண்டி ஓடும்போது வீசும் காற்று அதிலிருந்து வாயுவை இழுத்துக்கொள்ளும். நின்றால் இழுப்பு இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைமூட்டத்தில் இந்த வாயுவுக்கும் பங்குண்டு என்பது தெரிந்த பின், 1961 மாடல் கார்கள் முதல் கலிபோர்னியாவிலும், 1963 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும், வாயுவை மீண்டும் எஞ்சினுக்குள் உறிஞ்சி எரிக்கும் பி.சி.வி. அமைப்பு வழக்கத்துக்கு வந்தது.

இதில் இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடம் ஒரு வால்வு வழியே கிராங்க்கேஸ் வாயுவை இழுக்கிறது. வேறொரு குழாய் வழியாக ஏர் ஃபில்டரிலிருந்து தூய காற்று உள்ளே வருகிறது. ஆக்சிலரேட்டரை முழுதும் மிதிக்கும்போது வெற்றிடம் குறையும், கசிவோ கூடும்; மிஞ்சும் வாயு அதே தூய காற்றுக் குழாய் வழியே எதிர்த்திசையில் ஏர் ஃபில்டருக்குச் செல்லும். அங்கே தேங்கும் ஆயில், கசிவு மிகுந்ததற்கோ வால்வு அடைந்ததற்கோ அடையாளம். வால்வு திறந்தபடியே சிக்கினால் ஐடில் ஓட்டம் தடுமாறும். ஆயில் இன்டேக்குக்குள் இழுபட்டு நீலப் புகையும் வரலாம்.

அறிகுறிகள்

புகையின் நிறத்தோடு அது வரும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல்களில் ஐயம் கொள்ளலாம். ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் இறங்கியபின் மீண்டும் மிதிக்கும்போது புகை கிளம்பினால் வால்வு கைடு அல்லது சீல். ஏற்றத்தில் பாரத்தோடு செல்லும்போது தொடர்ந்து வந்தால் ரிங். கறுப்புப் புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும். சூடான பிறகும் அடங்காத வெண்புகை கூலன்ட் எரிவதைக் காட்டும்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக உயர்ந்து பெட்ரோல் வாடை அடித்தால், எஞ்சின் பிளாக்கில் பொருத்திய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் கிராங்க் அதை அடித்துத் துளியாக்கிப் பிரீதர் வழியே தள்ளும். டீசல் கார்களில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் தன் காற்றைக் கிராங்க்கேஸுக்குள் விடுவதுண்டு. வேக்கம் குழாய் எங்காவது கசிந்தால் அந்தக் காற்று பெருகி, ரிங் தேய்ந்தது போலவே காட்டும்.

சோதனைகள்

செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குவதே முறை. எஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மேல் மெல்லிய தாளை வைக்கலாம். பி.சி.வி. உள்ள எஞ்சினில் தாள் இலேசாக உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் வால்வையும் குழாய்களையும் கழற்றிப் பார்க்க வேண்டும். பி.சி.வி. வால்வைக் குலுக்கினால் பொதுவாக உள்ளே சத்தம் கேட்கும்; கேட்காவிட்டால் பிசின் பிடித்திருக்கும். வெறும் பிரீதர் உள்ள பழைய எஞ்சினில் இலேசான துடிப்பு இயல்பே.

வழி அடையாமல் இருந்தும் அழுத்தம் குறையவில்லை என்றால் கம்ப்ரெஷன் கேஜ் தேவை. ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, திராட்டிலை முழுதும் திறந்து அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் கவனிக்க வேண்டும். குறைவான சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டதும் அளவு ஏறினால் குறை ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ. டீசலில் எரி அறை மிகச் சிறியதாகையால் ஆயில் விடும் சோதனையைத் தவிர்க்க வேண்டும்.

இன்னும் தெளிவாகக் காட்டுவது லீக்-டவுன் சோதனை. கம்ப்ரெஷன் முடிவில் பிஸ்டனை மேலே நிறுத்தி, அழுத்தக் காற்றைச் செலுத்திச் செவிகொடுத்தால் கசியும் இடம் தெரியும். ஆயில் வாயில் சீறினால் ரிங். கார்பரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்சாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் ரிங்கின் நிலையை மட்டும் இவ்விரு சோதனைகளும் நேரடியாகக் காட்டுவதில்லை. அதன் துளைகள் கரியால் அடைந்த எஞ்சின், கம்ப்ரெஷன் நன்றாக இருந்தும் ஆயில் குடிக்கும். சமதரையில் ஆயிலை மேல்கோடு வரை நிரப்பி, 1,000 கி.மீ.க்கு எவ்வளவு குறைகிறது எனக் குறித்து வருவதே அதற்கு வழி.

பி.எம்.சி. பி-வரிசை எஞ்சின்

அம்பாசடரில் நெடுங்காலம் இடம்பெற்ற 1,489 சி.சி. எஞ்சின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-வரிசையைச் சேர்ந்தது. இவ்வரிசையின் மூன்று பேரிங் எஞ்சின்களில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை. தண்டில் வெட்டிய திருகுமரையே சுழலும்போது ஆயிலைச் சம்ப்புக்குத் திருப்புகிறது. கிராங்க்கேஸ் அழுத்தம் கூடினால் அதை மீறி ஆயில் வெளிவந்து கிளட்ச் பிளேட்டை நனைக்கும். கிளட்ச் வழுக்குவதற்கான மூலம் சில நேரம் பிரீதர் அடைப்பாக இருப்பது இதனால்தான்.

சரிசெய்தல்

பிரீதர், பி.சி.வி., குழாய்களைச் சுத்தம் செய்த பிறகே சீல்களை மாற்ற வேண்டும். அழுத்தம் நீங்காவிட்டால் புது சீலும் ஒழுகும். டீசல் எஞ்சின் தன் ஆயிலையே பிரீதர் வழி உறிஞ்சத் தொடங்கினால், சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகமெடுத்து உடையக்கூடும். எனவே அதிகப் புகையோடு ஓட்டக் கூடாது. ரிங் தேய்ந்தது உறுதியானால், சிலிண்டர் துளையை அளந்து, தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் ரிங் செட் மட்டும் மாற்றலாம்; மீறினால் ரீபோர் செய்து பெரிய அளவு பிஸ்டன் போட வேண்டும். ரிங் மட்டும் மாற்றும்போதும் வழவழத்த சுவரை ஹோனிங் செய்ய வேண்டும். இல்லையேல் புது ரிங் படியாமல் கசிவு தொடரும்.