ஐந்து பெயர் கொண்ட கோமகன்



சென்னை நகரை ஊடறுத்துச் செல்லும் பக்கிங்ஹாம் கால்வாயை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78 இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரம் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பசித்த மக்கள். பெயரோ ஆளுநருடையது. 1875 முதல் 1880 வரை சென்னையை ஆண்ட அந்த மூன்றாவது பக்கிங்ஹாம் கோமகன், தம் தந்தையின் கடனோடு பாதி வாழ்நாளைக் கழித்தவர். அவருடைய குடும்பத்துக்கு நிலம் வந்த கதையும் போன கதையும் கேட்கத்தக்கவை.

ஆடுகளிலேதான் தொடக்கம். பீற்றர் டெம்பிள் என்ற ஆட்டுப் பண்ணையாளர் 1571 இல் பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள ஸ்டோ என்னும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். 1589 இல் மகன் ஜோன் அதனை விலைக்கே வாங்கினார். கம்பளி விற்ற காசு!

வழிவந்த கொபம் பிரபு போர்வீரர். ஸ்டோவின் புகழ்பெற்ற பூங்காவை வளர்த்தெடுத்தவர். ஆங்கிலத்தில் டெம்பிள் என்றால் கோயில் அல்லவா? குடும்பப் பெயருக்கேற்பப் பூங்கா எங்கும் சிறுசிறு கோயில்களைக் கட்டுவித்தார். பிள்ளையில்லாத அவர் 1749 இல் இறக்க, சொத்து சகோதரி வழியாகக் கிரென்வில் குடும்பத்திற்குப் போயிற்று.

அதன்பின் நிலம் சேர்ந்தது பெரும்பாலும் மணவறையிலேதான். 1775 இல் நியூஜென்ட் குடும்பத்துப் பெண். 1796 இல் சாண்டோஸ் கோமகனின் ஒரே மகள். சீதனமாக நிலம் வந்தது. கூடவே பெண்வீட்டுப் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. 1822 இல் கோமகன் பட்டம் கிடைத்தபோது குடும்பப் பெயர் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில்! வகுப்பில் பெயர் கூப்பிடும் ஆசிரியன் களைத்துப் போவான்.

முதலாவது கோமகன் கடன்பட்டும் நிலம் வாங்கினார். நிலம் இருந்தால் வாக்குகள் இருக்கும். வாக்குகள் இருந்தால் பாராளுமன்றத்தில் ஆசனங்கள் இருக்கும். ஆனால் நிலம் தந்த வாடகையிலும் கடனுக்குக் கட்டிய வட்டி அதிகம். 1839 இல் பட்டமேறிய மகன் அதையே தொடர்ந்தார்.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லவேண்டும். அக்காலத்தில் இத்தகைய முதுசச் சொத்தை ஒருவர் தம் ஆயுட்காலத்தில் அனுபவிக்க முடிந்தது; வயது வந்த வாரிசின் சம்மதமின்றி விற்க இயலாதிருந்தது. 1844 இல் இரண்டாவது கோமகனின் மகனுக்கு 21 வயது நிறைந்தது. தந்தையின் கடனுக்காக அந்த இளைஞன் தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்டான். இந்தக் கதையில் என் நெஞ்சைத் தொடும் இடம் இதுவே. மகன் காப்பாற்றக் கொடுத்ததைத் தந்தை ஆடம்பரத்திற்குச் செலவிட்டார். 1845 ஜனவரியில் விக்டோரியா மகாராணி ஸ்டோவிற்கு விருந்தாளியாக வந்தபோது செலவுக்கு அளவேயில்லை.

1847 இல் நீதிமன்றச் சேவகர்கள் மாளிகையினுள் புகுந்தனர். கடன் 10 இலட்சம் பவுணுக்கு மேல். மறுவருடம் ஓவியம், சிலை, தளபாடம் என எல்லாவற்றையும் 40 நாட்கள் ஏலம் கூறியும் கிடைத்தது 75,000 பவுண் அளவே. நிலங்களிற் பெரும்பகுதியும் கைமாறியது. சாண்டோஸ் பெண்ணோடு வந்த ஷேக்ஸ்பியர் ஓவியம் 355 கினிக்கு எல்ஸ்மியர் பிரபுவிடம் போயிற்று. 1856 இல் அவர் அதனை அப்போது புதிதாய்த் தோன்றிய தேசிய உருவப்பட மன்றத்திற்கு வழங்கினார். அம்மன்றப் பதிவேட்டின் முதலாவது படம் அதுவே. கவிஞர் முகம் என்று நம் பாடநூல்களில் நாம் காண்பது பெரும்பாலும் அந்தப் படம்தான்.

தந்தை 1861 இல் இலண்டன் பாடிங்டன் புகையிரத நிலையத்து ஹோட்டலிலே காலமானார். மகனோ அதற்கு முன்பே, 1853 இல், ஒரு பெரிய புகையிரதக் கம்பனியின் தலைவராகியிருந்தார். கோமகன் வீட்டுப் பிள்ளை உத்தியோகம் பார்ப்பது அக்காலத்தில் புதுமை.

1889 இல் அவர் ஆண் வாரிசின்றி இறக்க, கோமகன் பட்டம் முடிந்தது. மகள் வழியினர் 1921 இல் ஸ்டோவை விற்றனர். 1923 இல் அங்கே ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. ஏலம் நடந்த மாளிகையில் இப்போது மாணவர் படிக்கின்றனர்.